தெருவுக்கு ஒரே மின்னஞ்சல்

பாஸ்வேர்டு அடிக்க வேண்டிய நேரம் வந்தால் குத்தாலிங்கம் அண்ணாச்சி, அடைகாக்கும் கோழி மாதிரி இரண்டு கைகளையும் விசைப்பலகையின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் அங்கன பாருங்க" என்பார். அங்கன என்றால் சுவரில் தொங்கும் நாள்காட்டி. தென்காசியில் அவர் தெருக்காரர்கள் வருஷக்கணக்கில் அப்படித் திரும்பி நின்று நின்று, நாள்காட்டியில் இருந்த முருகனின் வேலில் எத்தனை எலுமிச்சம்பழம் குத்தியிருக்கிறது, மயிலின் எந்தக் காலில் பாம்பு கிடக்கிறது என்பது வரை மனப்பாடம் செய்திருந்தார்கள். இன்டர்நெட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

இவர் ஒரு தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஓர் இனம். 'முதலில் வாங்கியவர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். தெருவில் முதலில் ரேடியோ வாங்கி, செய்தி கேட்க வந்தவர்களிடம் போர் நிலவரத்தைத் தானே நடத்துவது போலச் சொன்னவர் இந்த இனத்தின் மூத்தவர். முதலில் டிவி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குக் கதவை எவ்வளவு திறக்கலாம், யார் பாயில் உட்காரலாம், யார் வாசலோடு நிற்கலாம் என்று தீர்மானித்தவர் அடுத்தவர். முதலில் டெலிபோன் வாங்கி, அதற்கு ஒரு மரப்பெட்டி செய்து, பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, பூட்டின் சாவியைப் பூணூல் மாதிரி குறுக்கே போட்டுக்கொண்டு திரிந்தவரும் உண்டு. இவர்கள் எவரும் எதையும் கண்டுபிடித்தது கிடையாது. கெட்டுப்போனால் சரிசெய்யவும் தெரியாது. கடையில் பணம் கொடுத்தார்கள். கடைக்காரர் பொருளைக் கொடுத்தார். நடந்தது இவ்வளவே. பேச்சைக் கேட்டால் மட்டும் பாற்கடலைத் தனியாளாகக் கடைந்து கொண்டுவந்தது போல இருக்கும்.

குத்தாலிங்கம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த புதிதில். மகன் விஜயசங்கர் அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது, அங்கிருந்து அப்பாவோடு தொடர்புகொள்ள வேண்டும் என்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டி கூடத்தில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. பழைய பட்டுச் சேலையில் அதற்கு உறை தைக்கப்பட்டது. பார்க்க வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டு, முகத்தில் ஒரு மரியாதையை வரவழைத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். உறையை எடுப்பது, மடிப்பது, சுவிட்சைப் போடுவது, திரை விழித்துக்கொள்ளும் வரை கண்ணை மூடி நிற்பது என்று ஒரு பூஜைக்கு உண்டான எல்லாம் முறையாக நடக்கும். பிறகு டெலிபோன் வழியாக இணைப்புப் பிடிக்க வேண்டும். பெட்டி கீச்சிடும், கரகரக்கும், இழுத்து மூச்சு விடும். அண்ணாச்சி ஒரு விரலைத் தூக்கி எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, பிரசவ அறை வாசலில் நிற்பவர் போலக் காது கொடுத்துக் கேட்பார்.

"போகுது... போகுது... ம், போயிட்டு."

எங்கே போயிற்று என்று கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. அப்போது பார்த்து யாராவது அவர் மனைவியிடம் சாம்பார்ப் பொடிக்கு மல்லி எவ்வளவு என்று கேட்க ஃபோன் செய்தால் இணைப்பு அறுந்துபோகும். "கட் ஆயிட்டு. மேல இருந்து விடல. நாளைக்கு வாங்க" என்பார், குடிதண்ணீர்க் குழாய்க்குச் சொல்வது போலவே.

"அண்ணாச்சி, அதுல ஒலகத்துல உள்ளது பூராவும் இருக்குன்னு சொல்லுதாகளே?"

"இருக்கு. ஆனா ஒங்களுக்கு வேண்டியது இருக்காது."

இதைவிடச் சுருக்கமாக இந்த இனத்தின் கொள்கையை யாராலும் சொல்ல முடியாது.

இனி, பி.பி. விவகாரத்துக்கு வருவோம். தெருவில் ஒரு வீட்டில் மட்டும் டெலிபோன் இருந்த காலத்தில் மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகையிலும் வேலை மனுவிலும் அந்த வீட்டு எண்ணையே எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று போடுவார்கள். எண் நம்முடையது அல்ல, அக்கம்பக்கத்து வீட்டாருடையது, கூப்பிட்டால் ஆள் அனுப்பி அழைத்து வருவார் என்று அர்த்தம். குத்தாலிங்கம் வீட்டு எண்தான் அந்தத் தெருவின் பி.பி. எண். மின்னஞ்சல் வந்ததும் அவர் அதே வழக்கத்தை அதற்கும் நீட்டினார்.

"ஆளுக்கொரு ஐடி எதுக்குங்கேன்? தெருவுக்கு ஒரு அடிபம்பு போதலையா? எல்லாரும் என் ஐடியப் போட்டு, பக்கத்துல பி.பி.ன்னு எழுதுங்க. வந்தா நான் சொல்லுதேன்."

"சொந்தமா ஒண்ணு வாங்க முடியாதா அண்ணாச்சி?"

"வாங்கலாம். எழுதிக் குடுக்கணும். மெட்ராஸ்ல பாத்து, டெல்லில பாத்து, கடேசில அமெரிக்கால கையெழுத்து ஆகி வரணும். எனக்கே எம் பையன் அங்கன இருக்கதுனால கெடச்சுது."

தெரு நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? டெலிபோன் இணைப்புக்கு எழுதிக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மக்கள் அவர்கள். எளிதில் கிடைக்கும் என்று சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். பெண் கேட்டு வந்த ஜாதகமும், கல்லூரியிலிருந்து வந்த தகவலும், வெளிநாட்டுக் கணவன் எழுதிய கடிதமும் அந்த ஒற்றை முகவரிக்கு வந்து இறங்கின. அண்ணாச்சி அவற்றைப் படித்துவிட்டு, எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு சொன்னார்.

இரண்டு வீடு தள்ளி இருந்த ஜன்னத்தின் கணவன் மன்சூர் சவூதியில், தமாமில் வேலை பார்த்தான். வாரம் ஒரு மெயில் போடுவான். ஜன்னத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் நிலையைப் பிடித்தபடி நிற்பாள்.

"சொகமா இருக்கானாம். வெயிலு சாஸ்தியாம். அத்தாவுக்கு மருந்து வாங்கிக் குடுக்கச் சொல்லுதான். பெறகு..." அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். "பெறகு என்னமோ எழுதியிருக்கான். அது அவ்வளவு முக்கியமில்ல."

"என்ன அண்ணாச்சி எழுதியிருக்காவ?"

"அதான் முக்கியமில்லன்னு சொல்லுதேம்லா."

முக்கியமில்லாத அந்த நாலு வரிக்காகத்தான் அவள் வந்து நிற்கிறாள் என்பதும், மன்சூர் அவற்றை எழுதத்தான் மற்றதை எல்லாம் எழுதினான் என்பதும் அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வரி அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை என்ன செய்வது என்பது அவர் இஷ்டம்.

தெருவுக்கு அடுத்த சோதனை சாரலோடு வந்தது. ஆனி பிறந்தால் தென்காசி வியாபாரிகள் பாதிப் பேர் குற்றாலத்தில் சீசன் கடை போடுவார்கள். நேந்திரங்காய்ச் சிப்ஸ், துண்டு, தைலம், பொம்மை என்று ஆளுக்கொரு சரக்கு. குத்தாலிங்கத்துக்கு ஒரு யோசனை. குளிக்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு மெயில் பார்க்க வேண்டும் என்று அரிக்காதா? பேரருவிக்குப் போகும் வழியில், சிப்ஸ் கடைக்கும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் பெஞ்சுக்கும் நடுவில், டெலிபோன் உள்ள ஓர் அறையைப் பிடித்தார். கம்ப்யூட்டரைத் தலையணை கொடுத்து டெம்போவில் ஏற்றி, நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது போல மெதுவாக ஓட்டச் சொல்லிக் கொண்டுபோய் இறக்கினார். நாள்காட்டியையும் மறக்கவில்லை. அதையும் கழற்றிக் கொண்டுபோய் அங்கே ஆணி அடித்து மாட்டினார்.

ஆக, சாரல் மாதங்களில் தெருவின் இன்டர்நெட் குற்றாலத்தில் இருந்தது. தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் தெருக்காரர் பஸ் ஏறி அருவிக்குப் போக வேண்டும். எல்லாரும் கையோடு துண்டும் கொண்டுபோனார்கள். மெயில் வராவிட்டால் குளியலாவது மிஞ்சும்.

அந்த ஆண்டு சாரலில் தினமும் போய் நின்றவள் உமா மகேஸ்வரி. தெருவின் கடைசி வீடு. அப்பா இல்லை. அம்மா குழல்வாய்மொழி. தபாலில் பி.காம். படித்துவிட்டு, பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறது என்று பத்திரிகையில் பார்த்து மனுப் போட்டாள். திருநெல்வேலியில் நடந்த எழுத்துத் தேர்வில் தேறினாள். நேர்முகத் தேர்வுக்கு மின்னஞ்சலில் அழைப்பு வரும் என்றார்கள். மனுவில் அவள் கொடுத்திருந்தது எந்த முகவரி என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் அடைப்புக்குறியும் போட்டிருந்தாள்.

வேலை கிடைக்காவிட்டால் என்ன என்பதும் வீட்டில் தீர்மானமாகியிருந்தது. ராயகிரியில் ஒரு மாப்பிள்ளை. நிலபுலன் உள்ள குடும்பம். பெண் வேலைக்குப் போவது அவர்களுக்குப் பிடிக்காது. "ஆடி முடியட்டும்" என்று சொல்லியிருந்தாள் குழல்வாய்மொழி. "அதுக்குள்ள வேல வந்தா போ. வரலன்னா அவங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன். நானும் எத்தன நாளைக்குத்தான் வாசல்ல வாரவங்களுக்குப் பதில் சொல்லுதது?"

உமா மண்டியிலிருந்து நேரே குற்றாலம் பஸ்ஸைப் பிடிப்பாள். சேலையில் வெங்காய வாசம் போகாமல் கடை வாசலில் நிற்பாள்.

"மாமா, எதுவும் வந்திருக்கா?"

"வந்தா சொல்ல மாட்டனா?"

ஒரு வெள்ளிக்கிழமை மண்டிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று நாளாகப் பேரருவியில் வெள்ளம். அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்ததால் போலீஸ் குளிக்க விடவில்லை. வெளியூர்க் கூட்டம் தலையில் எண்ணெயோடு சிப்ஸ் தின்றுகொண்டு, எப்போது திறப்பார்கள் என்று கடைகடையாக உட்கார்ந்திருந்தது. குத்தாலிங்கமும் இடுப்பில் துண்டு, நெற்றியில் வழியும் நல்லெண்ணெய், கையில் மவுஸ் என்று ஒரு கோலத்தில் இருந்தார். மவுஸ் பளபளத்தது.

"மாமா, மெயில்..."

"வந்துதே."

உமாவுக்கு ஒரு கணம் காதில் அருவிச் சத்தம் நின்றுபோனது.

"எப்ப மாமா?"

"திங்கக்கெழம. மொதல்ல உக்காருங்க ரெண்டு பேரும். குழலு, சிப்ஸ் எடுத்துக்க."

"நேத்துகூடக் கேட்டேனே மாமா. வந்தா சொல்ல மாட்டனான்னிய."

"நல்ல சேதியா இருந்தாச் சொல்ல மாட்டனா? இது இன்டர்வியூவுக்கு வரச் சொல்லி. வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள வாரேன்னு பதில் போடணுமாம். இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவானாம். என்னா திமிரு பாத்தியளா?"

"இன்னைக்கு வெள்ளிக்கெழம மாமா."

"தெரியும்லா. நான் அன்னைக்கே பதில் போட்டாச்சு."

உமாவுக்கு மூச்சு வந்தது. "வாரேன்னா?"

"வரமாட்டான்னு."

மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் பதிலின் நகலை எடுத்தார். ஒளித்துவைத்த குற்றத்தை எடுப்பவர் போல இல்லை; பள்ளிக்கூடத்தில் வாங்கிய சான்றிதழைக் காட்டுகிறவர் போல. இந்த இனத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அவர் ஒரு துரோகமும் செய்யவில்லை. உதவி செய்திருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்ததைக் குழல்வாய்மொழிக்காகத் தமிழில் உரக்கப் படித்தார்.

"'மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி உமா மகேஸ்வரி எங்கள் தெருப் பிள்ளை. தகப்பனார் இல்லை. வயசுப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தங்கள் கம்பெனி தென்காசியில் கிளை ஆரம்பித்தால் அவசியம் எழுதவும். இப்படிக்கு, குத்தாலிங்கம், பி.பி.' எப்படி? ஆரம்பிச்சாலும் ஆரம்பிப்பான் பாரு. நான் கோடு போட்டு வச்சிருக்கேன், ரோடு அவன் போட்டுக்கிடுவான்."

குழல்வாய்மொழி சிப்ஸ் பொட்டலத்தை மேசையில் திரும்ப வைத்தாள்.

"யார்ட்ட கேட்டு அண்ணாச்சி போட்டிய?"

"யார்ட்ட கேக்கணும்? ராயகிரிச் சம்பந்தம் கைகூடி வார நேரத்துல..."

"அது எங்க வீட்டு விசயம்லா."

"வீடு ஒன்னுது குழலு. நான் இல்லங்கல. ஐடி என்னுது, லைன் என்னுது, பொட்டி என்னுது. எனக்குன்னு ஒரு பொறுப்பு இருக்குல்லா?"

உமா மெல்லக் கேட்டாள். "மாமா, இன்னொரு பதில் போட்டுருங்க. வாரேன்னு. இன்னும் நேரமிருக்கு."

"ஏட்டி, ஒரே ஐடில இருந்து ரெண்டு வாக்கு போகலாமா? அவன் என்னப் பத்தி என்ன நெனப்பான்?"

பார்த்தீர்களா? அவளுக்குப் போவது வேலை. அவருக்குப் போவது, முகம் தெரியாத ஒருவன் சென்னையில் தன்னைப் பற்றி வைத்திருக்கக்கூடிய அபிப்பிராயம். இரண்டையும் தராசில் போட்டு, எது கனம் என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்போது வெளியே விசில் கேட்டது. "தொறந்தாச்சு! தொறந்தாச்சு!" என்று ஒரு குரல், அதன் பின்னால் கடைவீதியே எழுந்து ஓடும் சத்தம். தண்ணீர் ஆர்ச்சுக்கு உள்ளே வந்துவிட்டது, போலீஸ் குளிக்க விட்டுவிட்டது. பெஞ்சில் பாதி எண்ணெய் தேய்த்த நிலையில் கிடந்தவர்கள் அப்படியே ஓடினார்கள். சிப்ஸ் கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடினார். குத்தாலிங்கம் மவுஸைக் கீழே போட்டார்.

"இப்ப விட்டா பெறகு திரும்பவும் மூடிருவான். கடையப் பாத்துக்கிடுங்க. லைன் போட்டு வச்சிருக்கு, ஒண்ணையும் தொட்டுராதிய. கட் ஆச்சுன்னா இந்தச் சாரல்ல திரும்பக் கெடைக்காது. யாராவது வந்தா இருக்கச் சொல்லுங்க."

அகலமான எண்ணெய் முதுகு கூட்டத்தில் கலந்து மறைந்தது.

உமா நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு காலத்தில் திரையை நேருக்கு நேராக அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெயருக்கு ஒரு கட்டம், பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம். அண்ணாச்சி அதைத் திறந்து காட்டும்போதெல்லாம் அவள் முருகனின் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது பார்த்தால், இரண்டு கட்டங்களுக்கும் கீழே, ஒளிக்காமல் மறைக்காமல், ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. நீங்கள் புதியவரா? இங்கே பதிவு செய்துகொள்ளுங்கள். இலவசம்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மெட்ராஸில் பார்த்து, டெல்லியில் பார்த்து, அமெரிக்காவில் கையெழுத்தாக வேண்டிய சங்கதி. இலவசம்.

"எம்மா, வாசல்ல நில்லு."

"என்னட்டி பண்ணப் போற?"

"எனக்குன்னு ஒண்ணு வாங்கப் போறேன்."

குழல்வாய்மொழி ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தாள். ராயகிரியை நினைத்தாளோ, அந்தத் தமிழ்ப்படுத்திய கடிதத்தை நினைத்தாளோ தெரியாது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். "நீ அடி. நான் பாத்துக்கிடுதேன்."

திரை ஒவ்வொன்றாகக் கேட்டது. பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி உமா அடித்தாள். ஒவ்வொரு பக்கமும் மாட்டுவண்டியில் வருவது போல வந்தது.

"எம்மா, அம்மா பொறந்த ஊர் எதுன்னு கேக்குது."

"சுரண்டைன்னு போடு. அது எதுக்குட்டி அமெரிக்காக்காரனுக்கு?"

"பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னா இதக் கேட்டுக்கிடுவானாம்."

"நல்லாக் கேப்பான். அவரு வாராரான்னு நான் பாக்கேன், நீ சட்டுனு முடி."

அடுத்த கட்டம் பாஸ்வேர்டு. உமா திரும்பினாள். வாசலில் நின்ற குழல்வாய்மொழி, யாரும் சொல்லாமலே, பழக்க தோஷத்தில் முகத்தை நாள்காட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கும்மா அங்கன பாக்க?"

"பாஸ்வேர்டு அடிக்கப் போறல்லா."

"நீ பாத்தா என்னம்மா? நல்லாப் பாரு."

குழல்வாய்மொழி பார்த்தாள். மகள் அடிக்க அடிக்கத் திரையில் எழுத்து விழாமல் வெறும் புள்ளி புள்ளியாக விழுந்தது. "இதுக்குத்தானா இத்தன நாளும் முருகனப் பாக்கச் சொன்னாரு?" என்றாள்.

கம்பெனியின் முகவரி உமாவுக்கு மனப்பாடம். அவள் எழுதியது சிறிய கடிதம். நேர்முகத் தேர்வுக்கு நான் வருகிறேன். திங்கட்கிழமை வந்த பதிலை எழுதியது நானல்ல, எனக்கு அது தெரியவும் தெரியாது. இனி எதுவானாலும் இந்த முகவரிக்கு எழுதுங்கள். இது எனக்கு மட்டும் உரியது.

அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். திரையின் அடியில் ஒரு நீலக் கோடு நகர ஆரம்பித்தது. நகர்ந்தது, நின்றது. வெளியே சாரல் வலுத்தது. கூரைத் தகரத்தில் குரங்கு ஒன்று குதித்து, டெலிபோன் கம்பி வரும் ஓரமாக நடந்தது. குழல்வாய்மொழி சிப்ஸ் பொட்டலத்தை முழுசாகத் தூக்கி ரோட்டில் எறிந்தாள். குரங்கு கம்பியை விட்டு இறங்கிச் சிப்ஸுக்குப் போனது. நீலக் கோடு அசையவில்லை.

"ஏட்டி, அவரு வாராரு. தலைய துவட்டிக்கிட்டு வாராரு."

"இன்னும் போகலம்மா."

"பாதையில யார்ட்டயோ நின்னு பேசுதாரு. தண்ணியப் பத்திச் சொல்லுதாரு போல. கைய விரிச்சுக் காட்டுதாரு. நல்லாப் பேசட்டும்."

அந்த இனத்தின் வாயால் ஊருக்கு ஒரு நன்மை நடந்தது உண்டென்றால் அது அன்றைக்குத்தான். நீலக் கோடு அந்தக் கடைசிவரை ஓடி முடிந்தது. அனுப்பியாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. உமா பழைய பக்கத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தாள்.

"யாராவது வந்தாகளா?" என்று கேட்டபடி வந்தார் குத்தாலிங்கம்.

"ஒருத்தரும் வரல அண்ணாச்சி" என்றாள் குழல்வாய்மொழி. "தண்ணி எப்படி?"

"யப்பா! மண்டையில தேங்கா ஒடச்ச மாதிரி விழுது."

"விழட்டும் அண்ணாச்சி. நல்லா விழட்டும்."

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. தென்காசி பஸ் நிலையத்துக்கு எதிரில் அந்த மாதம்தான் திறந்திருந்த ஒரு பிரவுசிங் சென்டரில், ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து உமா அதைப் படித்தாள். முதல் கடிதத்தை அலுவலகத்தில் எல்லாரும் படித்துச் சிரித்தார்களாம். தென்காசிக் கிளை பற்றி இப்போது யோசனை இல்லையாம். நேரில் வரலாம் என்று எழுதியிருந்தார்கள். போனாள். வேலை கிடைத்தது. ராயகிரிக்கு வேறு வீட்டிலிருந்து பெண் போனாள்.

சென்னைக்குப் போகுமுன் ஜன்னத்தை அதே தடுப்புக்குள் கூட்டிப்போய் அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மன்சூரின் அடுத்த மெயிலை ஜன்னத் தானே, முழுசாக, எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். என்ன எழுதியிருந்தது என்று நாம் கேட்க வேண்டாம். நாம் குத்தாலிங்கமா என்ன?

இலவசம் என்ற சேதி தெருவில் பரவ ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. அடுத்த சீசனில் அண்ணாச்சியின் கடைக்குத் துண்டோடு போக ஆள் இல்லை. "நன்றி கெட்ட தெரு" என்றார். கொஞ்ச நாளில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். "நம்ம உமாவுக்கு மெட்ராஸ்ல வேல எப்படிக் கெடச்சுதுங்கிய? என் ஐடிக்கு வந்த மெயிலுலதான்!" என்று சொல்ல ஆரம்பித்தார். இன்றைக்கும் சொல்லுகிறார். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். அவருக்கு வயதாகிவிட்டது, இனத்துக்கு ஆகவில்லை. தெருவுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதைத் தொடங்கியவர் அவர். அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று பூட்டி வைத்திருக்கிறார். தினம் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு வணக்கம் வரும். பதில் வணக்கம் சொல்ல வழி கிடையாது.

சிரித்து முடித்தாயிற்றா? அப்படியானால் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் வயதான யாராவது ஃபோனை நீட்டி, "இது என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்று கேட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அவர் கையிலேயே இருக்க விட்டு, இதை அமுக்குங்கள், அதைத் தள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறீர்களா? இல்லை, வெடுக்கென்று வாங்கி, முகத்தை நெருக்கி வைத்துக்கொண்டு, நாலு தட்டுத் தட்டிவிட்டு, "சரியாயிட்டு, இனி எதையும் தொடாதிய" என்று திருப்பிக் கொடுக்கிறீர்களா? அவர் பெயரில் உள்ள கணக்குக்கு யாருடைய எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள்? ஆறு இலக்க எண் வரும்போது அது யார் ஃபோனில் வந்து விழுகிறது? பாதுகாப்புக்காகத்தான் என்கிறீர்கள். அவருக்குப் புரியாது என்கிறீர்கள். யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்கிறீர்கள். எல்லாம் நியாயமான காரணம். குத்தாலிங்கத்திடமும் காரணத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

உமா மகேஸ்வரி இப்போது அதே கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது அம்மாவுக்கு விலை உயர்ந்த ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பேங்க், கேஸ், கரண்டு பில் எல்லாவற்றையும் அதில் ஏற்றி, பாஸ்வேர்டு போட்டு, பத்திரமாக அமைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினாள்.

"அந்த பாஸ்வேர்டு என்னட்டி?" என்று குழல்வாய்மொழி கேட்டாள்.

"அது ஒனக்கு எதுக்கும்மா? வேணுங்கும்போது கூப்பிடு. நான் பாத்துக்கிடுதேன்."

இன்றைய நிலவரம் இது: தென்காசியில் கோபுர வாசலில் பூ விற்கிறவர் கையிலும் இன்டர்நெட் இருக்கிறது, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் மடியிலும் இருக்கிறது. குழல்வாய்மொழியின் கையிலும் இருக்கிறது. பாஸ்வேர்டு சென்னையில் இருக்கிறது.